பன்னிரண்டு ஸ்டேஷன், பதின்மூன்று தோல்வி!

சென்னையில் 'மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்' என்று ஒரு ரயில் நிலையம் உண்டு. போய் மார்க்கெட்டைத் தேடாதீர்கள். அது 1985-லேயே எரிந்து சாம்பலாகிவிட்டது. அந்த இடத்தில்தான் இப்போது மின்சார ரயில்கள் வந்து மூச்சு வாங்குகின்றன. அங்கிருந்து ரிப்பன் மாளிகையை ஒட்டிப் பொடிநடை போட்டால் பெரியமேடு. நேரு ஸ்டேடியம். 'சென்னையின் எஃப்.சி.' என்ற கால்பந்து அணியின் கோட்டை.

(அதென்ன 'சென்னையின்'? ஆறாம் வேற்றுமையில் பாதி வழியில் நிற்கிறதே... சென்னையின் எது? என்று ஒரு தமிழாசிரியர் கேட்டாராம். 'சென்னையின் தலைவலி' என்று பதில் வந்ததாம். அது 2018-19 ஸீஸன்.)

அந்த ஸீஸனின் ஜாதகத்தைச் சொல்லிவிடுகிறேன். 2018 மார்ச் 17. பெங்களூரில், பெங்களூர் அணியை, அவர்கள் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று மடக்கி, நம்மவர்கள் சாம்பியன். மெயில்சன் ஆல்வெஸ் இரண்டு கோல், ரஃபேல் அகஸ்டோ ஒன்று. 2015-க்குப் பிறகு இரண்டாவது கோப்பை. ஆறு மாதம் கழித்து அடுத்த ஸீஸன் ஆரம்பித்தது. அதே பெங்களூர், அதே மைதானம், 0-1. அடுத்து கோவாவிடம் சென்னையிலேயே 1-3. அப்புறம் நின்றால்தானே! 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி. முந்தின ஸீஸனில் லீக்கில் 32 புள்ளி எடுத்த டீம், 9 புள்ளியோடு பத்தாவது இடம். மொத்த அணிகளே பத்துதான்!

தோற்ற டீமின் ரசிகனுக்கு இரண்டு வேலை. ஒன்று, ராத்திரி வீடு போய்ச் சேர்வது. இரண்டு, காரணம் கண்டுபிடிப்பது. இரண்டையும் ஒரே டிக்கெட்டில் முடித்துக்கொள்கிறவர்கள் ஆவடி மார்க்கத்து ஜனங்கள். சென்ட்ரலிலிருந்து ஆவடிக்குப் பன்னிரண்டாவது ஸ்டேஷனில் இறங்க வேண்டும். முக்கால் மணி நேரத்துக்குக் குறையாத பயணம். பூந்தமல்லிக்காரர்கள்தான் பாவம். அந்த வருஷம் அவர்களுக்கு ரயில் கிடையாது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் எப்படி விவாதிப்பது? கால்பந்து விவாதத்துக்கு இரண்டு கையும் வேண்டும். சமயத்தில் காலும்!

அக்டோபர் 18-ம் தேதி ராத்திரியைச் சொல்கிறேன். ஆயுத பூஜை. அம்பத்தூர் எஸ்டேட்டில் அன்றைக்கு லேத் மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மாலை. தெருவெல்லாம் பூசணிக்காய் சிதறல். பூஜையை முடித்து, முதலாளி கொடுத்த பொரி கடலைப் பொட்டலத்தோடு நேராக ஸ்டேடியத்துக்கு வந்தவர்கள் நிறையப் பேர். எதிரே நார்த் ஈஸ்ட் யுனைடெட். நாலாவது நிமிஷமே எதிராளி தன் கோலில் தானே போட்டுக்கொண்டார். சகுனம் பிரமாதம். தோய் சிங் இரண்டு போட்டார். 3-1. பொரி கைமாறியது. ஒக்பெச்சே என்று ஒரு நைஜீரியர். பாதி ஆட்டம் முடிவதற்குள் ஹாட்ரிக் போட்டு 3-3 ஆக்கிவிட்டார். இடைவேளைக்குப் பின் இன்னொன்று. 3-4. பொரி அப்படியே நின்றது.

பேஸின் பிரிட்ஜில் ரயில் வழக்கம்போல் சிக்னலுக்குக் காத்துக்கிடந்தது. கூவம் மாதிரி ஒரு வாசனை. பக்கிங்காம் கால்வாய்க்கும் கூவத்துக்கும் வாசனையில் வித்தியாசம் கண்டுபிடிக்கத் தனித்திறமை வேண்டும். அங்கேதான் ஆரம்பித்தது.

"எலுமிச்சம்பழம் வெச்சாங்களாய்யா?" என்றார் ஒருவர். கொரட்டூர்க்காரர், வங்கி குமாஸ்தா. "ஆயுத பூஜை அன்னிக்கு பூட்ஸுக்குப் பொட்டு வெக்காம எறங்கினா இப்படித்தான்."

"ஸார், அவங்களும்தான் வெக்கல. அவங்க எப்பிடி ஜெயிச்சாங்க?"

"அவங்க காமாக்யா அம்மன் ஊரு. அவங்களுக்கு வருஷம் பூரா ஆயுத பூஜை."

கௌஹாத்தி மைதானத்துக்கும் காமாக்யா கோயிலுக்கும் சம்பந்தம் உண்டோ இல்லையோ, இந்த பதிலை யாராலும் மறுக்க முடியவில்லை.

வியாசர்பாடி ஜீவாவில் ரயில் நின்றபோது பேச்சு கொஞ்சம் கம்மியானது. காரணம் இருக்கிறது. சென்னையில் கால்பந்து பிழைத்துக் கிடக்கிற இடம் அது. 'மினி பிரேஸில்' என்று பத்திரிகைக்காரர்கள் எழுதி எழுதி அந்த வார்த்தை தேய்ந்துபோனது. முல்லை நகர் மைதானத்தில் காலையிலும் மாலையிலும் பையன்கள் பந்தை உதைத்துக்கொண்டே இருப்பார்கள். அங்கே உதைத்த ஒரு பையன்தான் தன்பால் கணேஷ். 2018 மார்ச்சில் கோவாவுக்கு எதிரான அரை இறுதியில், நேரு ஸ்டேடியத்தில், பந்தைத் தலையால் முட்டி கோல் போட்டாரே, அவர்தான். ஸ்டேடியத்திலிருந்து இரண்டே ஸ்டேஷன் தள்ளி வளர்ந்தவர் அந்த வலைக்குள் பந்தை அனுப்புவதைப் பார்ப்பது வேறு சந்தோஷம். அடுத்த ஸீஸனில் அவருக்கு முழங்கால் காயம், ஆபரேஷன். ஸீஸன் முழுக்க வெளியே.

"அவன் இருந்தா நாலு கோல் வாங்கியிருக்க மாட்டோம்" என்றார் ஆவடிப் பெரியவர். ஹெவி வெஹிக்கிள்ஸ் ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிடையரானவர். பையன்கள் முகத்துக்கு நேரே 'ஸார்' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'பெர்சு'. "டாங்கியில எல்லாரும் பீரங்கியத்தான் பார்ப்பான். கியர் பாக்ஸ யாரும் பார்க்கறதில்ல. அது போச்சுன்னா பீரங்கி நின்ன எடத்துலயே நின்னு சுடணும். தன்பால் கியர் பாக்ஸ். ஸெரினோ சேஸிஸ். ரெண்டையும் கழட்டிட்டு வண்டி ஓடலன்னா?"

ஸெரினோ என்றால் ஹென்ரிக் ஸெரினோ. கோப்பை வாங்கிக் கொடுத்த போர்த்துகீசிய காப்டன், தடுப்பாட்டத்தின் நடுத்தூண். அந்தக் கோடையிலேயே போய்விட்டார். என்னைக் கேட்டால், அந்த ஸீஸனில் நான் கேட்ட காரணங்களில் ரொம்ப யோக்கியமானது பெரியவரின் கியர் பாக்ஸ்தான்.

பெரம்பூர், காரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ்... இந்த மூன்று ஸ்டேஷனும் பெரியவருக்கு சொந்த ஊர் மாதிரி. ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே, கஸ்டம்ஸ், ஏ.ஜி. ஆபீஸ், இந்தியன் பாங்க் என்று ஆபீஸ்களெல்லாம் டீம் வைத்துக்கொண்டு லீக் ஆடிய கதையை ஆரம்பித்தால் வில்லிவாக்கம் வரைக்கும் ஓடும். இந்தியன் பாங்க் தேசிய லீக்கிலேயே ஆடிய டீம். பகலில் லெட்ஜர், சாயங்காலம் லெஃப்ட் விங். பந்தாடத் தெரிந்தால் வேலை கிடைக்கும், வேலை கிடைத்தால் பெண் கிடைக்கும் என்பதுதான் வடசென்னையின் அன்றைய பொருளாதாரம்.

"இப்ப எங்கய்யா எடுக்கறான்?" என்று முடிப்பார்.

அப்படி முடிக்கும்போதெல்லாம் ஜன்னலோரம் ஒரு பையன் தலையைத் திருப்பிக்கொள்வான். வில்லிவாக்கம். பி.காம். படித்துவிட்டு ஒரு கூரியர் கம்பெனியில் வேலை. டிவிஷன் லீக்கில் ரைட் பாக் ஆடுகிறான். இருபத்து மூன்று வயது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேக்கு அப்ளிகேஷன் போட்டுக் காத்திருந்தான். அன்றைக்கு அவன் வாயைத் திறந்தான்.

"நீங்க எல்லாம் டீம் ஏன் தோக்குதுன்னு கேக்கறீங்க ஸார். நான் வேற கணக்கு பார்க்கறேன். ஃபாரின் ஆளு அஞ்சு பேர். மிச்சம் ஆறு. ஜேஜே மிஜோரம், தோய் மணிப்பூர், தாப்பா டேராடூன், கோல்கீப்பர் பஞ்சாப். நல்லா ஆடறாங்க, குத்தமே இல்ல. தன்பால் அண்ணனுக்கு அடிபட்டதும் அந்த எடத்துக்கு நம்ம லீக்லேர்ந்து ஒருத்தனக் கூப்பிட்டுப் பார்த்தாங்களா? அத்தச் சொல்லுங்க."

யாரும் சொல்லவில்லை. வில்லிவாக்கம் வந்தது. "வரேன் ஸார்" என்று இறங்கிப் போய்விட்டான்.

அவன் கேள்விக்கு அந்த வருஷம் விதி ஒரு குறும்பான பதில் வைத்திருந்தது. அதே ஸீஸனில் 'சென்னை சிட்டி' என்று இன்னொரு டீம், எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரெஜின், ரொமாரியோ ஜேசுராஜ் என்று நம்ம பையன்களையும் கணிசமாக வைத்துக்கொண்டு, 2019 மார்ச் 9-ம் தேதி ஐ-லீக் சாம்பியன் ஆனது. பேர்தான் சென்னை, ஆடியது கோயமுத்தூரில். சென்னையில் 'சென்னையின்' கடைசி, கோவையில் 'சென்னை' முதல். கோயமுத்தூர்க்காரர்கள் குசும்புக்காரர்கள் என்பது தெரியும். இந்த அளவுக்கா?

கொரட்டூரில் எலுமிச்சம்பழக்காரர் இறங்கிவிட, பட்டரவாக்கம் தாண்டியதும் விவாதம் விஞ்ஞானத்துக்கு மாறும். அம்பத்தூர் பக்கம் வந்துவிட்டால் பேச்சிலேயே மைக்ரோமீட்டர் நுழைந்துவிடுகிறது. டன்லப் கம்பெனி மூடிய பிறகும் பஸ் ஸ்டாப்பை 'டன்லப்' என்று கூப்பிடுகிற ஊர். உற்பத்தியை அவ்வளவு சுலபத்தில் மறக்காது. எங்கள் பெட்டியில் ஒரு க்வாலிடி கன்ட்ரோல் இளைஞர் இருந்தார். கண்ணாடி, பாக்கெட்டில் இரண்டு பேனா.

ஸீஸன் முடிகிற நேரத்தில், எல்லாம் துரதிர்ஷ்டம் என்று ஒருவர் பெருமூச்சு விட, இவர் பேனாவை எடுத்துவிட்டார்.

"நாலு ஆட்டம் தொடர்ந்து தோக்கறது பெரிய விஷயமே இல்ல ஸார். ஒரு ரூபா காசைப் பதினெட்டு தடவை சுண்டுங்க. நூறு பேர் அப்படிச் சுண்டினா, சுமார் நாப்பத்து நாலு பேருக்கு எங்கேயாவது ஒரு எடத்துல நாலு தலை வரிசையா விழும். அவங்க கோச்சை மாத்த வேண்டியதில்ல."

"அப்ப அதிர்ஷ்டம்தானே?"

"அவசரப்படாதீங்க. அதே பதினெட்டுல பதிமூணு தலை, இல்ல அதுக்கும் மேல, நூத்துக்கு அஞ்சு பேருக்குத்தான் விழும். எங்க கம்பெனியில ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆச்சுன்னா ஆபரேட்டரைப் பார்ப்போம். அங்கொண்ணும் இங்கொண்ணுமா போனா சும்மா விட்டுடுவோம். சைஸ் ஒரே பக்கமா போயிட்டே இருந்தா டூல் தேஞ்சு போச்சுன்னு அர்த்தம். மெஷினை நிறுத்தணும்."

"டூல் யாரு? ஜேஜேயா?"

அதுதான் எல்லாரும் சுற்றிச் சுற்றி வந்து நிற்கிற இடம். ஜேஜே லால்பெக்லுவா. சாம்பியன் ஆன ஸீஸனில் ஒன்பது கோல். இந்த ஸீஸனில் பிப்ரவரி வரை லீக்கில் சைபர். நடுவில் 2019 ஜனவரியில் ஆசியக் கோப்பைக்கு லீக்கையே நிறுத்திவிட்டார்கள். இந்தியா தாய்லாந்தை 4-1 என்று அடித்தது. சேத்ரி இரண்டு. மூன்றாவது? நம்ம தாப்பா! நாலாவது? நம்ம ஜேஜே! மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்து, அலட்டிக்காமல் ஒரு சிப். அபுதாபியில் தெரிகிற கோல் போஸ்ட் பெரியமேட்டில் மட்டும் ஏன் தெரியவில்லை என்று ஆவடி வரை அடித்துக்கொண்டோம். டூல் நன்றாகத்தான் இருக்கிறது, பிடிக்கிற மெஷின்தான் சரியில்லை என்றார் பெரியவர். தீர்ப்பு மறுபடியும் கியர் பாக்ஸுக்கே போனது.

கோச் ஜான் கிரகரியைப் பற்றி இரண்டு கட்சி. இங்கிலாந்தில் ஆஸ்டன் வில்லாவை நடத்தியவர், சும்மா இருக்க மாட்டார் என்று ஒரு கட்சி. சும்மா இருக்கிறார் என்று இன்னொரு கட்சி. ஆவடியில் இறங்குவதற்குள் தீர்மானம் நிறைவேற்றிவிட வேண்டும் என்று துடிப்பார்கள். 1955-ல் சோஷலிச பாணி சமுதாயத்துக்கே காங்கிரஸ் தீர்மானம் போட்ட ஊர் அல்லவா! அந்தத் தீர்மானத்துக்கு என்ன ஆனதோ அதேதான் இதற்கும்.

பிப்ரவரி 9-ம் தேதி ஓர் அதிசயம். பெங்களூர் வந்தது. ஜேஜே கோல் போட்டார். கிரகரி நெல்சன் ஒன்று போட்டார். 2-1. சொந்த ஊரில் அந்த ஸீஸனின் ஒரே வெற்றி, அதுவும் அந்த வருஷம் கோப்பையை எடுக்கப் போகிற அணிக்கு எதிராக. அன்றைக்கு ரயிலில் ஏறியதும் ஒரு சங்கடம். பேச விஷயமே இல்லை! பெரம்பூர் வரை ஆளுக்காள் சிரித்துக்கொண்டோம். அப்புறம் குமாஸ்தா லாரித் தண்ணீர் விலையைப் பற்றி ஆரம்பித்தார். வில்லிவாக்கம் பையன் மட்டும், ரயில்வே ட்ரையலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொன்னான். பெரியவர் பையிலிருந்து ஒரு சாத்துக்குடியை எடுத்து அவன் கையில் வைத்தார். "ரைட் பாக்னா ஓடிக்கிட்டே இருக்கணும். நின்னு பார்க்கக் கூடாது, தெரியுதா?" என்றார்.

அடுத்த ஸீஸனும் அதே லட்சணத்தில்தான் ஆரம்பித்தது. முதல் நாலு ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. 2019 நவம்பர் 25, திங்கட்கிழமை. ஹைதராபாத்துடன் ஐந்தாவது ஆட்டம். தொண்ணூறு நிமிஷம் ஆகியும் 0-0. மறுநாள் ஆபீஸ். ஆவடி ரயிலைப் பிடிக்க வேண்டும். பெரியவரும் குமாஸ்தாவும் எழுந்து கிளம்பிவிட்டார்கள். வாசலைத் தாண்டும்போது பின்னால் ஒரு பெரிய சத்தம். ஷெம்ப்ரி கோல்! திரும்பி ஓடினார்கள். கேட்டுக்கு வருவதற்குள் 'ஐயோ' என்று ஒரு சத்தம். ஹைதராபாத் திருப்பிக் கொடுத்துவிட்டது. "இதுக்குத்தான் சொன்னேன்" என்று பெரியவர் மறுபடி சென்ட்ரல் பக்கம் திரும்பினார். மூன்றாவது சத்தம். வால்ஸ்கிஸ். 2-1. காயநேரத்தில் மட்டும் மூன்று கோல். மூன்றையும் காதால் மட்டுமே பார்த்தார்கள்.

அன்றைக்கு ஆவடி வரை ஒரே விவாதம்: எழுந்து போனதால்தான் ஜெயித்தோமா? அடுத்த ஆட்டத்துக்கு எத்தனையாவது நிமிஷத்தில் கிளம்புவது?