மாமாவின் சம்பளப் பட்டியல்

எங்கள் உம்மாவின் தம்பி கொழும்புத் துறைமுகத்தில் வேலை செய்தார். கடலைப் பார்ப்பதற்கே ஒரு பகல் முழுக்கக் கோச்சியில் இருக்க வேண்டிய பதுளையில் இது ஒரு விநோதமான உத்தியோகம்தான். வாப்பா, பெரியவாப்பா, அயல் வீட்டுக்காரர் எல்லாரும் கடைக்காரர்கள். கடை இல்லாதவர் இன்னொருவர் கடையில் நிற்பவர். ஆகவே, மாதம் முடியக் கணக்கெழுதிய கடதாசியோடு சம்பளம் வாங்கும் ஒரு மனிதரை நான் முதன்முதலில் கண்டது அவரில்தான். பிள்ளைகள் நாங்கள் அவரை 'ஹாபர் மாமா' என்போம்.

அவர் 1974இல் சேர்ந்தபோது அதற்குத் துறைமுகச் சரக்குக் கூட்டுத்தாபனம் என்று பெயர். தனியார் கம்பனிகளின் கையிலிருந்த ஏற்றியிறக்கும் வேலையை 1958இல் அரசாங்கம் பொறுப்பேற்று அமைத்த கூட்டுத்தாபனம் அது. 1979 ஓகஸ்டில் வேறு நிறுவனங்களோடு ஒன்றாக்கப்பட்டு இலங்கைத் துறைமுக அதிகார சபை ஆனது. "பேரு மாறிச்சு, மூட்ட மாறல்ல" என்பார் மாமா.

பெருநாளைக்கு ஊருக்கு வரும்போது மற்றவர்கள் படம் காட்டுவது போல அவர் சம்பளப் பட்டியலைக் காட்டுவார். அடிப்படைச் சம்பளம், வாழ்க்கைச் செலவுப்படி, ஓ.டீ., கடன் தவணை, சங்கச் சந்தா. ஒவ்வொரு வரிக்கும் விரலை வைத்துக் கதை சொல்லுவார். சேமலாப நிதி வரிக்கு வந்ததும் குரல் கொஞ்சம் உயரும். "என்ட சம்பளத்தில எட்டு வீதம் வெட்டுறாங்க. அவங்க பன்னெண்டு போடுறாங்க. இது யாரும் எனக்குத் தார நன்கொட இல்ல. 58ஆம் வருசத்துச் சட்டம்." 1980ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நம்பிக்கைப் பொறுப்பு நிதி வந்தது; தொழில் கொடுப்பவர் மட்டும் போடும் 3 வீதம். அதற்கும் ஒரு கதை வைத்திருந்தார்.

அவருக்கு ஒரு மனக்குறையும் இருந்தது. கப்பல் காத்து நிற்கக்கூடாது என்பதால் துறைமுகத்தில் இரவும் பகலும் வேலை. அவருடைய சம்பளத்தின் பெரும்பகுதி ஓ.டீ.யாக வரும். ஆனால் சேமலாபத்துக்கு ஓ.டீ. கணக்கில்லை. சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. "பகல் வேர்வைக்கு மட்டும்தான் கிழட்டு வயசு ஈக்கு" என்று சொல்லிச் சிரிப்பார்.

ஆரம்ப காலத்தில் அவர் கைபட்டு இறங்கிய சாமான்களில் எங்கள் ஊவாத் தேயிலைப் பெட்டிகளும் இருந்தன. பதுளைக்கு 1924இல் ரயில் பாதை வந்ததிலிருந்து கொழும்புக்குப் போன சரக்கு அது. யூலையிலிருந்து செப்டெம்பர் வரை காய்ந்த கச்சான் காற்று அடிக்கும் மாதங்களின் கொழுந்துக்குத்தான் ஊவாவின் பேர்போன வாசம். பெட்டியின் பலகையில் தோட்டத்தின் பெயர் மையால் அச்சடித்திருக்கும். ஹாலிஎல, தெமோதர, பசறைப் பக்கத்துப் பெயர்களைக் கண்டால் முதுகிலிருந்து இறக்கி வைத்துவிட்டு ஒரு தரம் வாசிப்பாராம். எண்பதுகளில் கொள்கலன்கள் பெருகின. பெட்டிகள் இரும்புக் கூட்டுக்குள் போயின. பெயர் வாசிக்க ஒன்றும் இல்லாமல் போனது. மாமா விஞ்ச் இயக்கப் பழகிக்கொண்டார்.

எம்.எச்.எம். அஷ்ரஃப் 1994 முதல் 2000 வரை துறைமுக அமைச்சராக இருந்த காலத்தில் கிழக்கிலிருந்து இளைஞர்கள் பலர் அங்கே வேலைக்கு வந்தார்கள். நோன்பு மாதத்தில் மஃரிப் நேரம் விஞ்சை ஒரு சிங்கள நண்பர் பார்த்துக்கொள்வார். பதிலுக்கு வெசாக் இரவில் மாமா நிற்பார். இது எந்தச் சட்டத்திலும் இல்லாத ஏற்பாடு. ஆனால் சட்டத்தில் இருந்தவை ஒழுங்காக நடந்த இடத்தில்தான் இப்படியான ஏற்பாடுகளும் மனக்கசப்பில்லாமல் நடக்கும் என்பது அவருடைய அபிப்பிராயம்.

இனி எங்கள் கடைக்கு வருகிறேன்.

எங்கள் கடையில் ஒரு அண்ணன் இருந்தார். பசறை வீதியில் ஒரு தோட்டத்து லயத்திலிருந்து 1975இல், பதினேழு வயதில் வந்தவர். மாவு மூட்டை, சீனி மூட்டை, நிறுவை, கணக்கு, எங்களைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவது எல்லாம் அவர்தான். மாமாவுக்கு அவரில் நல்ல விருப்பம். 1977இல் ஒரு நாள், "இவன் ஹாபருக்கு நல்ல ஆள்" என்று வாப்பாவிடம் கேட்டு இரவுத் தபால் கோச்சியில் கொழும்புக்குக் கூட்டிப் போனார். மூன்றாம் நாள் அண்ணன் திரும்பி வந்தார். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்ததாம்: பிரஜாவுரிமைச் சான்றிதழ் இலக்கம். 1948ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத்தில் யாரை எல்லாம் நாடற்றவராக்கியதோ அதில் அவருடைய குடும்பமும் ஒன்று. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னும் அவர்களுடைய கடதாசி எங்கோ கிடந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் அவர் இலங்கையரானார். அப்போது அவருக்கு முப்பது வயது.

"பரவாயில்ல, எங்கட கட ஈக்குதானே" என்றார் வாப்பா. அண்ணனும் அன்று மத்தியானமே மூட்டை தூக்கத் தொடங்கிவிட்டார்.

வாப்பா கெட்டவரல்ல. இதைச் சொல்லாமல் மேலே எழுதினால் அது பொய்யாகும். அண்ணனின் கலியாணச் செலவில் பாதி வாப்பாவுடையது. அவருடைய மகளின் கொப்பி, புத்தகம், சப்பாத்து எங்களுடையவற்றோடுதான் வாங்கப்பட்டன. தீபாவளிக்கு வேட்டி, சாரி. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நடுராத்திரியிலும் வாகனம் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். ஆனால் கடை காலை ஏழுக்குத் திறந்து இரவு ஒன்பதுக்குப் பூட்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நாங்கள் போகும் ஒன்றரை மணித்தியாலம்தான் அண்ணன் சாக்கில் சாய்ந்திருக்கும் நேரம். கடைக்கும் ஒரு சட்டம் இருக்கிறது, 1954இலிருந்தே இருக்கிறது, வாரத்துக்கு 45 மணித்தியாலம், ஒன்றரை நாள் ஓய்வு, வருடத்துக்கு 14 நாள் சம்பளத்தோடு லீவு என்று அது சொல்கிறது என்பதெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் உச்சரிக்காத விஷயங்கள்.

உச்சரித்தவர் மாமா. 1989 ஹஜ்ஜுப் பெருநாள். சாப்பாட்டுக்குப் பிறகு விறாந்தையில் இருந்தார்கள். நான் வெற்றிலைத் தட்டோடு நின்றேன்.

"மச்சான், பொடியனுக்கு ஈ.பி.எஃப். கட்டுறீங்களா?"

"அவன் எங்கட வூட்டுப் பிள்ள மாதிரி. அவனுக்கு என்னத்துக்கு அதெல்லாம்?"

"வூட்டுப் பிள்ளைக்குக் கடயில பங்கு ஈக்கு. அவனுக்கு ஈக்கா?"

வாப்பா சற்று யோசித்தார். "அதில வட்டி சேருது. எனக்கு அது வாணாம்."

"வட்டி வாணாமெண்டா முதலயாவது குடுங்க."

உம்மா உள்ளிருந்து தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். பேச்சு அத்தோடு நின்றது. அடுத்த இரண்டு பெருநாளைக்கு மாமா எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

1999இல் அண்ணனின் இடுப்பு விட்டுப்போனது. இருபத்துநான்கு வருட மூட்டை. ஒரு நாள் காலையில் குனிந்தவர் நிமிரவில்லை. மூன்று மாதம் வாப்பா சம்பளம் அனுப்பினார். பிறகு 25,000 ரூபாயைக் கடிதவுறையில் வைத்துக் கொடுத்தார். "ஸதக்கா நிய்யத்தில குடுத்தேன்" என்று வீட்டில் சொன்னார். அண்ணன் இரண்டு கையாலும் வாங்கிக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

வாப்பா 2003இல் மௌத்தானார். ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால் மூத்த மகன் எழுந்து, "வாப்பா யாருக்காவது கடன்பட்டிருந்தால் என்னிடம் வாருங்கள், நான் பொறுப்பு" என்று சொல்வது நம்மவர் வழக்கம். நானும் சொன்னேன். சொல்லும்போது என் கண் பள்ளிவாசல் கேற்றுக்குப் போனது. அண்ணன் அங்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அழுதுகொண்டிருந்தார். கடன் கேட்டு வரவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. எனக்குத்தான் தோன்றியது. பக்கத்தில் நின்ற மாமா என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் இரவு மாமாவும் நானும் கடைக் கணக்குப் புத்தகங்களை இறக்கினோம். வாப்பா ஒரு சதத்தையும் எழுதாமல் விட்டதில்லை. 1975 முதல் 1999 வரை அண்ணன் வாங்கிய ஒவ்வொரு மாதச் சம்பளமும் இருந்தது. தொழிலாளியின் எட்டு வீதத்தை உரிய நேரத்தில் பிடிக்காவிட்டால் அதையும் முதலாளிதான் தன் கையிலிருந்து கட்டவேண்டும் என்று மாமா சொன்னார். எட்டும் பன்னிரண்டும் இருபது; ஆரம்ப வருடங்களுக்கு அப்போதிருந்த குறைந்த வீதம். 1981இலிருந்து இன்னும் மூன்று. கூட்டிப் பார்த்தபோது 96,000 ரூபாய்ச் சொச்சம் வந்தது. கொடுத்த 25,000ஐக் கழிக்கலாமா என்று கேட்டேன்.

"அது ஸதக்கா எண்டு மச்சானே சொல்லிட்டார் மகன். ஸதக்காவத் திருப்பி எடுக்கேலாது."

லயத்துக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. கடையிலிருந்து நான்கு மைல். இருபத்தெட்டு வருடம் எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தவரின் வீட்டுக்கு நாங்கள் யாரும் போயிருக்கவில்லை. அக்கா கொழுந்து மலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். அன்று கொழுந்து குறைவு. றாத்தல் சேராததால் அரைப் பேர்தான் போட்டார்களாம். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்'. வேலை குறைந்தால் மனுசியின் பேரையே பாதியாக்கிவிடுவார்கள்.

நான் காசின் கணக்கைச் சொல்லத் தொடங்கியபோது அக்கா எழுந்து போய் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தார். உள்ளே பிறப்புச் சான்றிதழ், பிரஜாவுரிமைக் கடதாசி, அவற்றோடு அவருடைய சேமலாப நிதிக் கூற்று. இலக்கம், வருடம், மீதி. 1992இல் கம்பனிகள் தோட்டங்களை எடுத்த பிறகும் அந்த இலக்கம் மாறவில்லையாம். ஐம்பது வயதில் எடுக்கலாம் என்று அக்கா சொன்னார். "இவருக்குத்தான் ஒண்ணுமில்ல தம்பி. டவுன் வேலைன்னு எல்லாரும் பொறாமப்பட்டாங்க."

தோட்டத்து வாழ்க்கையை நான் பெரிதாக்கிப் பேசவில்லை. அவர்களுடைய நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கு 2021 மார்ச் வரை போராட வேண்டியிருந்தது. ஆனால் அந்த லயத்துக்குள் அன்று நான் கண்டது இதுதான்: நாங்கள் பரிதாபப்பட்ட அக்காவிடம் ஒரு இலக்கம் இருந்தது, நாங்கள் அன்பு காட்டிய அண்ணனிடம் இல்லை. அன்பு இருந்ததால்தான் இல்லை. அந்த அன்பைக் காட்டித்தான் கணக்கைக் கேட்கவிடாமல் செய்திருந்தோம். கூலியைப் பற்றிய நபிமொழி நம்மில் யாருக்கு மனப்பாடமில்லை?

அண்ணன் காசை உடனே வாங்கவில்லை.

"இது தர்மமா தம்பி, சம்பளமா?"

"சம்பளம் அண்ணே. பிந்திப் போச்சு."

"அப்ப எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். இத்தனை வருடம், இவ்வளவு சம்பளம், இவ்வளவு வீதம், இவ்வளவு ரூபாய். சட்டப்படி இது தொழில் காரியாலயம் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். பிந்திய கட்டணத்துக்கு மேலதிகமாக 50 வீதம் வரை அறவிடுவார்கள் என்று பயந்து கையில் கொடுத்தேன். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். அக்கா அந்தக் கடதாசியை நான்காக மடித்துத் தன்னுடைய கூற்றுக்கு அடியில் வைத்தார்.

மாமா 2008இல் ஓய்வு பெற்றார். வந்த பணத்தில் வீட்டுக் கூரையை மாற்றி மகளைக் கரைசேர்த்தார். பிறகும் துறைமுகச் செய்தி என்றால் பத்திரிகையை விடமாட்டார். கொழும்பில் 1999இல் முதல் தனியார் கொள்கலன் முனையம் வந்தது. 2013இல் சீன முதலீட்டில் இன்னொன்று திறந்தது. "மெசின் நல்லம். ஆளுக்கு என்ன கார்ட் குடுத்தீக்கு?" என்பதுதான் அவருடைய கேள்வி. 2016 டிசம்பரில் எங்களுக்குக் கிட்டிய துறைமுகமான அம்பாந்தோட்டையில் இளைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். துறைமுகம் சீனக் கம்பனிக்குப் போகப் போகிறது. தங்களைத் துறைமுக அதிகார சபையில் நிரந்தரமாக உள்வாங்க வேண்டும் என்பது கோரிக்கை. கடற்படை இறக்கப்பட்டது. அடுத்த வருடம் 99 வருடக் குத்தகை கைச்சாத்தானது. அந்தச் செய்தியை மாமா இரண்டு தரம் வாசித்தார். "நிரந்தரம் எண்டு இவனுகள் கேக்கிறது காசு இல்ல மகன். நாளைக்கும் நீ ஈப்பாய் எண்டு ஒருத்தன் எழுதித் தரணும். அதுதான்" என்றார். 2019இல் அவரும் மௌத்தாகிவிட்டார்.

இப்போது கடையில் மூன்று பேர் நிற்கிறார்கள். மாதம் முடிய 'சி' படிவம் நிரப்புகிறேன். போன மாதம் புதிதாக ஒரு தம்பி சேர்ந்தான், ஹாலிஎலப் பக்கம். எட்டு வீதம் பிடிப்பேன் என்றதும் முகம் சுருங்கியது.

"எனக்கு அதெல்லாம் வாணாம் நானா. அத கையில தாங்க."

நான் மேசை இலாச்சியைத் திறந்தேன். மாமாவின் பழைய பட்டியல் ஒன்று அங்கே கிடக்கிறது. 1986 ஒக்டோபர், மை மங்கிவிட்டது. எடுத்துக் காட்ட நினைத்துப் பிறகு விட்டுவிட்டேன். அந்த வயதில் எனக்கும் அதில் ஒன்றும் விளங்கியிருக்கவில்லை. படிவத்தை நீட்டினேன். அரைமனதோடு கையெழுத்துப் போட்டான். அவனுக்கு ஒரு இலக்கம் வரும்.