நாள்தோறும் ஒரு மலர்

பூவை விரும்பாதார் யார்? ஆயினும், பூவை விரும்புவது வேறு. பூக்கும் செடியை ஆராய்ந்து தெரிந்தெடுப்பது வேறு. முன்னதற்குக் கண் போதும். பின்னதற்குப் பொறுமையும் வேண்டும்.

குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி லால்பாக்கில் நடைபெறும் மலர்க்காட்சியை நம்மில் பலர் கண்டிருப்போம். கண்ணாடி மாளிகையில் நிறைந்து நிற்கும் அந்த வண்ணங்களில் ஒரு பங்கை வீட்டுக்குக் கொண்டுசெல்ல எண்ணுவது இயற்கையே. ஆனால் அங்கே நாம் காண்பவற்றுள் பல, ஒரு பருவம் பூத்து ஓய்பவை. சில நாள் விழாவிற்கு அவை ஏற்றவை. 365 நாள் வாழ்க்கைக்கோ, பல்லாண்டு நின்று பூக்கும் செடிகள் வேண்டும்.

இதனை நான் நூலில் கற்கவில்லை. என் பாட்டியால் கற்றேன். தாத்தா மறைந்த பின் பாட்டி கும்பகோணத்தை விட்டு, அல்சூரில் எங்களோடு வாழ வந்தார். 74 வயதில் வேரோடு பெயர்ந்து வருவது எளிதா? அவர் எங்களிடம் கேட்டது ஒன்றே: தாத்தாவின் படத்திற்கு நாள்தோறும் ஒரு பூ. கடையில் வாங்கித் தருவதாக அப்பா சொன்னார். "வாங்கினா அது உன் பூடா; நான் பறிச்சாத்தான் என் பூ" என்றார் பாட்டி. அதற்குமேல் யார் என்ன சொல்ல முடியும்?

எங்கள் முற்றம் பத்தடிக்கு எட்டடி. அப்பா அங்கே ரோஜாத் தொட்டிகளை வைத்தார். அவை அழகாகவே பூத்தன. பிறகு 2024-ஆம் ஆண்டுக் கோடை வந்தது. ஊரெங்கும் ஆழ்துளைக் கிணறுகள் வற்றின. மார்ச்சு மாதத்தில் குடிநீர் வாரியம், தோட்டத்திற்குக் குடிநீர் ஊற்றினால் 5,000 ரூபாய் தண்டம் என அறிவித்தது. அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீருமே செடிகளுக்கு எஞ்சின. ரோஜாக்கள் கருகின. ஒரு நாள் காலை, படத்தின் முன்னே துளசி இலை மட்டும் இருந்தது. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாததே என்னை வருத்தியது.

அன்று மாலை தெருத்தெருவாக நடந்தேன். விற்பனைக்கு நிற்கும்போது எல்லாச் செடியும் பூத்துத்தான் நிற்கும். அங்கே அதன் குணம் தெரியாது. கடுங்கோடையில், கவனிப்பார் இல்லாத வேலியோரத்தில் எது பூத்திருக்கிறதோ, அதுவன்றோ நம்பத்தக்க செடி!

அவ்வாறு நான் கண்டவை மூன்று. முதலாவது நித்தியகல்யாணி. மடகாஸ்கரிலிருந்து வந்த இச்செடி சுவரிடுக்கிலும் முளைத்துப் பூக்கும். 1958-இல் கனடா நாட்டு அறிஞர்கள் இதன் இலையிலிருந்தே வின்பிளாஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தனர். இரண்டாவது செம்பருத்தி. அதன் மலருக்கு வாழ்நாள் ஒன்றே. எனினும் மறுநாளைக்கு வேறொரு மொட்டு காத்திருக்கும். மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம். மூன்றாவது நந்தியாவட்டை. அரை நிழலிலும் வளரும். கிளையை ஒடித்து நட்டாலே வேர்விடும்.

ஒரே செடியை நம்பலாகாது என்பதையும் அப்போது உணர்ந்தேன். எச்செடிக்கும் ஓய்வு உண்டு. ஒன்று ஓயும்போது மற்றொன்று பூக்க வேண்டும். நம் பெங்களூர்த் தெருக்களே இதற்குச் சான்று. 1908-இல் இங்கு வந்து லால்பாக்கின் பொறுப்பை ஏற்ற செருமானியர் கிரும்பிகல், ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கும் மரங்களைத் தெரிந்து சாலைகளில் நட வழிசெய்தார். தென்னமெரிக்க ஜக்கரண்டாவின் ஊதா நிறம் மறையும் வேளையில், மடகாஸ்கர் குல்மோஹரின் செந்நிறம் எழுகிறது. எந்த ஒரு மரமும் ஆண்டு முழுதும் பூக்கவில்லை, ஊர் பூக்கிறது.

சுவரிடுக்கிலிருந்து பிடுங்கி வந்த நித்தியகல்யாணிக் கன்றுகள் சில வாரங்களிலேயே பூத்தன. மழை தொடங்கியதும் மற்ற இரண்டின் கிளைகளை நட்டோம். "ரோஜா விருந்தாளி மாதிரி, கண்ணு. வந்தா அழகுதான். தினமும் உலை வைக்கிறவ வீட்டுக்காரிதானே!" என்று பாட்டி நந்தியாவட்டையைத் தடவிக்கொடுத்தார்.

இப்போது அச்செடி அவர் தோளுயரம் வளர்ந்துவிட்டது. சென்ற மாதம், பக்கத்து வீட்டுக் கன்னடப் பாட்டி வேலியருகே வந்து, "நந்திபட்டலு" என்று கிளையைச் சுட்டினார். எங்கள் பாட்டிக்குக் கன்னடம் தெரியாது. ஆனால் பெயரிலேயே பாதி விளங்கிவிட்டது. இந்த ஊருக்கு வந்தபின் முதன்முறையாக, கேட்டு வந்த ஒருவருக்குக் கொடுக்க அவரிடம் ஒன்று இருந்தது. நல்ல கிளையாகப் பார்த்து ஒடித்து, இரு கைகளாலும் கொடுத்தார்.