ஒரு மேசை, மூன்று தலைமுறை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியளவில் ஹாங்காங் நகரின் பெரிய சீன உணவகம் ஒன்றினுள் நுழைபவர், வழி தவறித் திருமண வீட்டிற்குள் வந்துவிட்டோமோ என்றுதான் எண்ணுவார். எங்கு நோக்கினும் வட்ட மேசைகள். ஒவ்வொரு மேசையைச் சுற்றிலும் தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். பேச்சொலியும் பீங்கான் கிண்ணங்களின் ஓசையும் கலந்து கூடமே அதிர்கிறது. ஆனால் அங்கே திருமணம் ஏதும் நடைபெறவில்லை. வாரந்தோறும் நிகழும் குடும்பச் சந்திப்பே அது. அதற்கு அம்மக்கள் இட்டுள்ள பெயர் 'யம் சா'. தேநீர் அருந்துதல் என்பது பொருள். தேநீருடன் வரும் சிற்றுண்டிகளுக்கு 'டிம் சம்' என்று பெயர். 'உள்ளத்தைத் தொடுவது' என்று அதற்கு விளக்கம் கூறுவர்.

'சா' என்னும் சொல் நமக்கு அன்னியமானதன்று. குமரி மாவட்டத்து மக்கள் அருந்தும் 'சாயா' அதே சொல்லின் வழி வந்தது. 'தேநீர்', 'தேயிலை' என்பவற்றில் உள்ள 'தே', சீனத்தின் தென்கிழக்குக் கடற்கரையில் வழங்கும் மற்றோர் உச்சரிப்பு. ஒரே இலையின் இரு பெயர்களும் வெவ்வேறு வழிகளில் பயணம் செய்து, இறுதியில் நம் வீட்டு அடுப்பங்கரையில் வந்து சந்தித்துக் கொண்டன!

கோப்பை ஒன்று, பலகாரம் இரண்டு

டிம் சம் வழக்கம் செழித்து வளர்ந்த இடம் தென்சீனத்தின் குவாங்சோ நகரம். அங்கிருந்த தேநீர்ச்சாலைகளில் வணிகரும் தொழிலாளரும் காலை நேரத்தில் கூடி, 'ஒரு கோப்பை, இரண்டு உருப்படி' என்ற கணக்கில் தேநீரும் பலகாரமும் உண்டு, ஊர்ச் செய்தி பேசிப் பிரிவர். 1889-ஆம் ஆண்டில் அந்நகரில் தோன்றிய 'லின் ஹியூங்' தேநீர்ச்சாலையின் பெயர் பின்னர் ஹாங்காங்கிலும் புகழ் பெற்றது. 1949-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சீனத்திலிருந்து ஹாங்காங்கில் குடியேறியவர்களுள் கைதேர்ந்த சமையற்காரர்கள் பலரும் இருந்தனர். அவர்களுடைய கைத்திறன் அந்நகரின் சொத்தாயிற்று.

மூங்கில் கூடைக்குள்

டிம் சம் என்பது தனியொரு பண்டத்தின் பெயரன்று. நாம் 'பலகாரம்' என்று சொல்வதைப் போன்ற பொதுப்பெயர். பெரும்பாலானவை உள்ளங்கை அகலமுள்ள மூங்கில் கூடைகளில் ஆவியில் வெந்து, கூடையோடு மேசைக்கு வருகின்றன. மூங்கில் மூடி ஆவியின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால், நீர்த்துளி சொட்டிப் பலகாரத்தை நனைப்பதில்லை.

இவற்றுள் தலையாயது 'ஹா காவ்' என்னும் இறால் கொழுக்கட்டை. கோதுமையின் மாச்சத்தை மட்டும் பிரித்தெடுத்து, கொதிநீர் ஊற்றிப் பிசைகின்றனர். கொழுக்கட்டை மாவுக்கு வெந்நீர் ஊற்றிக் கிளறும் நம் தாய்மார்க்கு இதன் சூட்சுமம் உடனே விளங்கும். எண்ணெய் தடவிய அகன்ற கத்தியின் பக்கவாட்டால் மாவை அழுத்தி வட்டமாக்கி, நடுவே இறாலை வைத்து, மடிப்பு மடிப்பாகச் சேர்த்து மூடுகின்றனர். தேர்ந்த கையில் மடிப்புகள் பத்தையும் தாண்டும். வெந்தபின் மேலுறை கண்ணாடி போலாகி, உள்ளிருக்கும் இறாலின் செந்நிறம் தெரிய வேண்டும்; குச்சியால் எடுக்கும்போது கிழியவும் கூடாது. ஒரு சமையற்காரரின் தரத்தை இந்த ஒன்றைக் கொண்டே எடைபோட்டு விடுகின்றனர்.

சுட்ட பன்றி இறைச்சியை இனிப்புக் குழம்பில் தோய்த்து உள்ளே வைத்த வெண்ணிற அப்பமொன்று உண்டு. வேகும்போது அதன் தலை மலர்போல் வெடித்து விரிகிறது. அரிசி மாவைத் துணிபோல் மெல்லியதாக ஆவியில் வேகவைத்து, சுருட்டி, சோயாச் சாறு ஊற்றித் தருவது மற்றொன்று. முள்ளங்கியும் அரிசி மாவும் சேர்த்து அவித்து, துண்டுகளாக்கிப் பொரித்தது இன்னொன்று. தாமரை இலையில் பொதிந்த ஒட்டரிசிச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தால், இலையின் மணம் மேசை முழுதும் பரவும். கோழியின் பாதங்களும் அங்கே விருப்பமான உணவுதான். அவற்றை முதலில் எண்ணெயில் பொரித்து, நீரில் ஊறவைத்து, பின்னர் ஆவியில் வேகவைப்பதால், எலும்பைவிட்டுத் தோல் தானே கழன்றுவரும். நாம் எறிந்துவிடும் பகுதியைப் பொறுமையால் விருந்தாக்கிய மக்கள் அவர்கள்!

கூடைக்கு மூன்று அல்லது நான்கு உருப்படிகளே இருக்கும். எவரும் ஒரு கூடையைத் தமக்கென ஒதுக்கிக்கொள்வதில்லை. எல்லாம் மேசை நடுவில்தான்.

முதலில் பிறர்க்கு

அமர்ந்தவுடன் பரிசாரகர் கேட்கும் முதற் கேள்வி, 'என்ன தேநீர்?' என்பதே. மல்லிகை மணமூட்டியதா, கருநிறமான 'போ லே' வகையா, சாமந்திப்பூ கலந்ததா என்று சொல்ல வேண்டும். தேநீருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். முதல் ஊற்றுத் தேநீரில் கிண்ணங்களையும் குச்சிகளையும் அலசிக்கொள்வது அங்குள்ள பழக்கம்.

தேநீரை ஊற்றுவதற்கும் ஒரு முறையுண்டு. கெண்டியை எடுத்தவர் முதலில் பெரியவர்களுக்கும், பின்பு மற்றவர்களுக்கும் ஊற்றிய பிறகே தம் கோப்பையை நிரப்ப வேண்டும். பெற்றுக்கொள்பவர் பேச்சை நிறுத்தாமல், இரு விரல்களால் மேசையை மெல்லத் தட்டுகிறார், அதுவே நன்றி. இதற்கு ஒரு கதை சொல்வார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆண்ட சியன்லொங் பேரரசர் மாறுவேடத்தில் ஊர் சுற்றியபோது, ஒரு தேநீர்ச்சாலையில் தம் ஊழியருக்குத் தாமே தேநீர் ஊற்றினாராம். மண்டியிட்டு வணங்கினால் வேடம் கலைந்துவிடும். ஆகவே ஊழியர் விரல்களை மடக்கி மேசையில் தட்டி வணங்கினராம். கதை எப்படியாயினும், அரசனே ஊழியனுக்கு ஊற்றினான் என்று சொல்லி மகிழும் வழக்கம் உயர்ந்ததன்றோ? கெண்டி காலியானால் கூவி அழைக்க வேண்டியதில்லை. மூடியைச் சற்றுத் திறந்து வைத்தால் போதும். பரிசாரகர் வந்து வெந்நீர் நிரப்பிச் செல்வார்.

முற்காலத்தில் பணிப்பெண்கள் பலகாரத் தட்டைக் கழுத்துப் பட்டையில் தொங்கவிட்டு, பெயர் கூவிக்கொண்டு மேசை மேசையாக வந்தனர். பின்னர் ஆவி பறக்கும் தள்ளுவண்டிகள் வந்தன. வேண்டியதைச் சுட்டிக்காட்டினால், கூடையை இறக்கி வைத்து, மேசையிலுள்ள அட்டையில் முத்திரை குத்துவர். முத்திரைகளைக் கூட்டினால் அதுவே கணக்கு. எந்த மேசைக் கிழவருக்கு எது பிடிக்கும், எவருக்குப் பல்லில்லை என்பதெல்லாம் வண்டி தள்ளும் அம்மாளுக்குத் தெரியும்.

இன்று அத்தகைய வண்டிகள் அருகிவிட்டன. வண்டி செல்ல அகன்ற வழி வேண்டும். அந்நகரிலோ ஒவ்வொரு சதுர அடிக்கும் கடும் வாடகை. தாளில் குறித்துக் கொடுத்தால் சுடச்சுடச் சமைத்துத் தருகின்றனர். பல இடங்களில் கைப்பேசியிலேயே கேட்டுப் பெறலாம். பலகாரத்தின் சுவை இதனால் கூடியிருக்கிறது என்பதை மறுக்க இயலாது. ஆயினும் 'பாட்டி, இன்று முள்ளங்கி அப்பம் மெத்தென்றிருக்கிறது' என்று சொல்லக் கைப்பேசிக்குத் தெரியாதே! வெலிங்டன் தெருவில் தள்ளுவண்டிகளுக்குப் பெயர் பெற்றிருந்த லின் ஹியூங் 2022-ஆம் ஆண்டில் மூடப்பட்டபோது, நகரமே ஒரு முதியவரை இழந்ததுபோல் வருந்திற்று. 2024-இல் அது மீண்டும் திறக்கப்பட்டபோது மக்கள் வரிசையில் நின்றனர்.

காலியான நாற்காலிகள்

இம்மக்களுக்கு ஓர் உணவகத்தின்மீது ஏன் இத்துணைப் பற்று? விடை அவர்களுடைய வீடுகளில் இருக்கிறது. 2021-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, ஆளொருவருக்குக் கிடைக்கும் இடத்தின் இடைநிலை அளவு 16 சதுர மீட்டர். அதாவது ஏறக்குறைய 170 சதுர அடி. பத்துப் பேர் ஒன்றாய் அமர வீட்டில் இடமில்லை. ஆகவே தேநீர்ச்சாலையின் வட்ட மேசையே அவர்களுடைய வீட்டுக் கூடம். தனித்து வாழும் முதியவருக்கோ, அதுவே நாள்தோறும் தம்மைப் பெயர் சொல்லி அழைக்கும் இடம்.

அந்த மேசைக்குச் சோதனைகளும் வந்தன. 2003-ஆம் ஆண்டில் சார்ஸ் நோய் 299 உயிர்களைக் கொண்டுசென்றது. அதன்பின், உண்ணும் குச்சிக்குப் புறம்பாக, பரிமாறுவதற்கெனப் பொதுக்குச்சிகள் வைக்கும் பழக்கம் பரவிற்று. கொரோனாக் காலத்தில், 2020 சூலை இறுதியில், மேசைக்கு இருவர் மட்டுமே அமரலாம் என அரசு வரையறுத்தது. பன்னிருவர் அமரும் மேசையில் இரண்டே முதியவர்!

நோய் தணிந்த பின்னும் எல்லா நாற்காலிகளும் நிரம்பவில்லை. 2021 சனவரி இறுதியில் பிரித்தானியா புதிய குடியேற்ற வழியொன்றைத் திறந்தது. அதன்வழி ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஹாங்காங் மக்கள் அந்நாட்டில் குடியேறினர். பிள்ளைகளின் எதிர்காலம் கருதிச் சென்ற இளங்குடும்பங்கள் பல. அவர்களைக் குறைகூற நாம் யார்? ஆனால் ஞாயிறுதோறும் எட்டுப் பேருக்கு ஊற்றிய கெண்டி, இப்போது இருவருக்கு ஊற்றுகிறது. மாலத்தீவிலும் வளைகுடாவிலும் கனடாவிலும் பிள்ளைகளை வைத்திருக்கும் நம் பெற்றோர்க்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை.

வாசகர்களே, ஹாங்காங் செல்லும் வாய்ப்பு நம்மில் பலருக்குக் கிட்டாமற் போகலாம். இறால் கொழுக்கட்டையும் தாமரை இலைச் சோறும் நமக்கு இன்றியமையாதனவும் அல்ல. நம் வீடுகளில் இடம் இருக்கிறது. அமர்வதற்கு நேரந்தான் இல்லை. ஒருவர் தொலைக்காட்சியின் முன்பும், ஒருவர் கைப்பேசியோடும், பாட்டி அடுப்படியிலுமாக உண்டு முடிக்கிறோம். வாரத்தில் ஒரு வேளையேனும் அனைவரும் சுற்றி அமர்வோம். இட்லியும் தேநீரும் போதும். ஆனால் கெண்டியை எடுப்பவர் முதலில் வீட்டின் மூத்தவருக்கு ஊற்றட்டும்.