அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகுதா? பார்மட்டுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் பட்டென்று அணையும். பிறகு தானாகவே உயிர் பெறும். ஒரே நாளில் மூன்று தடவை நடக்கும், அடுத்த இரண்டு நாள் நல்ல பிள்ளையாக ஓடும். எந்த ஊரில் கேட்டாலும் இதற்கு ஒரே தீர்ப்பு தான்: "வைரஸ் பாஸ்... பார்மட் போட்டா சரியாயிடும்."

மேலநீலிதநல்லூர் மாதிரி ஊரில் இந்தத் தீர்ப்புக்கு விலை அதிகம். சிபியு பெட்டியை பஸ்ஸில் ஏற்றி சங்கரன்கோவில் கொண்டு போக வேண்டும். கூலி கொடுக்க வேண்டும். பெட்டி திரும்பி வரும்போது ப்ராஜெக்ட், ரெக்கார்டு, அக்கா கல்யாண போட்டோ எல்லாம் போயிருக்கும். கோளாறு மட்டும் பத்திரமாக இருக்கும்! கோளாறு வன்பொருளில் இருந்தால் விண்டோஸை மாற்றி என்ன பயன்?

ஆகவே முதல் வேலை, முக்கியமான பைல்களை பென் டிரைவில் ஏற்றிக்கொள்வது. இரண்டாவது, ஒரு நோட்டை எடுத்து ஒவ்வொரு தடவையும் எத்தனை மணிக்கு அணைந்தது, அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று எழுதுவது. சும்மா அணைகிறது என்று நினைத்ததில் ஒரு ஒழுங்கு இருப்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

இன்னொன்று. சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் 'ஸ்டார்ட்அப் அண்டு ரெக்கவரி' பகுதிக்குப் போய் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்து விடுங்கள். இனி நீலத்திரை வந்தால் அது நின்று பேசும். நீலத்திரையே வராமல் சட்டென்று இருட்டானால், சந்தேகத்தை முதலில் கரண்ட் மேலும் சூடு மேலும் திருப்புங்கள்.

கரண்ட்: சாயங்காலம் லைட், மிக்ஸி எல்லாம் ஓடும் நேரத்தில் அணைகிறதா? லோ வோல்டேஜாக இருக்கலாம். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் நொடியில் அணைகிறதா? நம் மின்சாரத்தின் ஒரு சுற்று 20 மில்லி செகண்ட். எஸ்எம்பிஎஸ் கரண்ட் இல்லாமல் தாக்குப்பிடிப்பது அதைவிடக் கொஞ்சம் குறைவான நேரம் தான். சாதாரண இன்வெர்ட்டர் மாறுவதற்குள் அது மூச்சை விட்டுவிடும். 2012 மின்வெட்டு சமயத்தில் இன்வெர்ட்டர் வாங்கிய பல வீடுகளில் இது தான் கதை. அநேக இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் 'யுபிஎஸ் மோடு' என்று ஒரு சுவிட்ச் உண்டு, அதைப் போட்டாலே போதும். எர்த்தையும் பாருங்கள். உப்பும் கரியும் போட்ட எர்த் குழி கோடையில் காய்ந்தால், அது இருந்தும் இல்லாத மாதிரி தான்.

சூடு: ஆன் செய்து அரை மணி நேரத்தில், அதுவும் மத்தியான வெயிலில் அணைந்தால் பேனைப் பாருங்கள். தறி ஓடும் வீடுகளில் பஞ்சுத் தூசி ஹீட்சிங்க் இடுக்கில் மெத்தை மாதிரி படிந்திருக்கும். 2011ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வாங்கிய பழைய லேப்டாப்புகளில், ப்ராசஸர் மேல் தடவிய பேஸ்ட் இத்தனை வருஷத்தில் காய்ந்துபோயிருக்கும். சுத்தம் செய்து புதுப் பேஸ்ட் வைக்க ஆகும் செலவு சொற்பம்.

கெப்பாசிட்டர்: மதர்போர்டில் இருக்கும் சின்னச் சின்ன உருளைகளின் தலை உப்பியிருந்தால் விஷயம் முடிந்தது. 2000களின் தொடக்கத்தில் மட்டமான கெப்பாசிட்டர்கள் உலகம் முழுக்கப் பரவின. அந்த மதர்போர்டுகளை மாற்றிக்கொடுக்க டெல் நிறுவனம் 2005ல் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. (எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் காத்திருக்கும்.)

ராம்: நீலத்திரையில் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எரர் வருகிறதா? மெம்டெஸ்ட்86 என்ற இலவச சாஃப்ட்வேரை ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அலட்சியம் வேண்டாம். 2003ல் பெல்ஜியத்தின் ஸ்கார்பீக்கில் நடந்த தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு 4096 ஓட்டு கூடுதலாக விழுந்தது. கிடைக்கவே முடியாத எண்ணிக்கை என்பதால் தான் கண்டுபிடித்தார்கள். 4096 என்பது 2ன் 12வது அடுக்கு. மெமரியில் ஒரே ஒரு பிட் புரண்டிருக்க வேண்டும் என்பது தான் கிடைத்த விளக்கம். ஒரு பிட் ஒரு தேர்தலையே குழப்பும் என்றால், உங்கள் ப்ராஜெக்ட் எம்மாத்திரம்?

ஹார்ட் டிஸ்க்: பைல் காப்பி செய்யும்போது உறைந்துபோய் டக் டக் சத்தம் வந்தால் வேறு எதுவும் செய்யாதீர்கள், காப்பி எடுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ராமையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் சேர்த்து மாற்றினால் கம்ப்யூட்டர் சரியாகும், ஆனால் குற்றவாளி யார் என்று தெரியாது. நல்ல பார்ட்டுக்கும் சேர்த்துக் காசு போயிருக்கும். நண்பனின் ராமை ஒரு நாள் கடன் வாங்கிப் போட்டுப் பார்ப்பதற்குச் செலவு ஒரு டீ தான்.

இவ்வளவுக்கும் பிறகு கடைக்குப் போக வேண்டி வந்தாலும் பரவாயில்லை. "அடிக்கடி ஆஃப் ஆகுது அண்ணே" என்று சொல்வதற்குப் பதிலாக, "மத்தியானம் அரை மணி நேரத்துல ஆஃப் ஆகுது, நீலத்திரை வரல, ராம் நல்லா இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். அதற்கு மேல் யாரும் பார்மட் பேச்சை எடுக்க மாட்டார்கள்!