லீவு போட்டேன் / வேலைக்குப் போகல

எங்க ஊர் மங்கலம்பேட்டைல மாசச் சம்பளக்காரங்க "இன்னிக்கு லீவு போட்டுட்டேன்"னு சொல்வாங்க. விருத்தாசலம் செராமிக் கம்பெனிகளுக்குப் போறவங்க "இன்னிக்கு வேலைக்குப் போகல"ம்பாங்க. கவனிச்சிருக்கீங்களா? மொத ஆளுக்குச் சம்பளம் வரும், ரெண்டாவது ஆளுக்கு வராது. அவ்ளோதான் வித்தியாசம்.

பொம்மை, அகல் விளக்குன்னு செய்யுற இடங்கள்ல லீவுங்கறது வாய்ப்பேச்சுதான். முதநாள் சாயந்திரம் மேஸ்திரிகிட்ட தலையைச் சொறிஞ்சுகிட்டே கேக்கணும். கொலு, கார்த்திகை சீசன்னா கேக்கவே முடியாது. சூளையில நெருப்பு வெச்சாச்சுன்னா, வேற ஆளை மாத்திவிட்டுத்தான் நகரணும். எழவு வீடு மட்டும் விதிவிலக்கு.

ஆனா சட்டம் என்ன சொல்லுது? கொஞ்சம் புரட்டினேன் (செமஸ்டருக்குக்கூட இவ்ளோ படிச்சதில்ல :-)). 1948 தொழிற்சாலைகள் சட்டப்படி வருஷத்துல 240 நாள் வேலை செஞ்சவங்களுக்கு 20 நாளுக்கு 1 நாள் சம்பளத்தோட லீவு. 2025 நவம்பர் 21ல அமலுக்கு வந்த புதுத் தொகுப்புல அந்த 240, 180 ஆயிடுச்சு. 10 பேராவது வேலை செய்யுற இடமா இருக்கணும். 280 நாள் போனா 14 நாள் கூலி!

இன்னொண்ணு. லீவு கேட்டு முதலாளி தரலைன்னா, அந்த நாள் அழியாது, அடுத்த வருஷத்துக்குப் போகும். ஆனா கேட்டதுக்கு அத்தாட்சி வேணுமே! தலையைச் சொறிஞ்சதுக்கெல்லாம் ரசீது கிடையாது. எனக்கென்னவோ இந்த வாய்ப்பேச்சுப் பழக்கத்துல லாபம் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான்னு தோணுது.

பக்கத்து வீட்டு அக்காகிட்ட இதைச் சொன்னேன். பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கிறாங்க, பீஸ் கணக்குக் கூலி.

"போடா, எண்ணிக்கைக்குத்தான் காசு. இதுல லீவுக்கு எந்த எண்ணிக்கையைப் போடுவாங்க?"

நியாயமான கேள்விதான். அதுக்கும் பழைய சட்டத்துலயே வழி இருந்துச்சு: லீவுக்கு முந்தின மாசம் சம்பாதிச்சதோட தினசரி சராசரி. அதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கேட்டாங்க.

"எழுதிக் குடுத்தா மறுவாரம் வேலைக்குக் கூப்புடுவாங்களா?"

அந்தக் கேள்விக்கு எந்தப் பிரிவுலயும் பதில் கிடைக்கல. இருந்தாலும் பொண்ணு வளைகாப்புக்கு 3 நாள் கேட்டு லெட்டர் எழுதிக் குடுத்தேன், ரெண்டு காப்பி. டிபன் பைக்குள்ள மடிச்சு வெச்சிருக்காங்க. வளைகாப்பு தை மாசம்.