ஞமலியும் ஆறு மிதிவண்டிகளும்

மொழிக்கு முதலில் வரும் எழுத்துகளைப் பற்றிய பாடம் ஞகரத்துக்கு வந்து சேரும்போது வகுப்பில் ஒரு சிறு சலசலப்பு எழும். தொல்காப்பியர் ஞகர மெய்யோடு ஆ, எ, ஒ என்னும் மூன்று உயிர்களுக்கு மட்டுமே சொல்லின் தலைவாயிலைத் திறந்துவிட்டார். நன்னூலார் அகரத்தையும் சேர்த்துக்கொண்டார். அந்த அகரத்துக்கு உரையில் காட்டப்படும் சான்று 'ஞமலி'. நாய் என்று பொருள். பூழி நாட்டார் வழங்கிய திசைச்சொல் என்பார்கள். 2017ஆம் ஆண்டு மழைக்காலத்தில் திருவண்ணாமலையில் எங்கள் வாசற்படியின் கீழ் வந்து ஒண்டிய செந்நிற நாட்டுக்குட்டிக்கு நாங்கள் இந்தப் பெயரை வைத்தபோது, தமிழ் வாத்தியார் வீட்டில் வேறென்ன பெயர் வைப்பார்கள் என்று அண்டை வீட்டார் சிரித்தனர். எங்கள் மிதிவண்டி நண்பர்களுக்கோ அந்த ஞகரம் வாயில் நுழையவில்லை. நமிலி என்றார் ஒருவர், மலி என்றார் இன்னொருவர். கடைசியில் எல்லாருமாகச் சேர்ந்து 'மல்லி' என்று ஆக்கிவிட்டார்கள். நன்னூலார் பெற்றுத்தந்த உரிமை இப்படி ஒரு தேநீர்க் கடை வாசலில் பறிபோனதே என்று நாங்கள் வருந்தியதுண்டு. நாய் இரண்டு பெயருக்கும் வாலாட்டியது.

நாங்கள் என்பது இருவர். ஒருவருக்குக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் வேலை, மற்றவருக்குக் கூட்டுறவு வங்கியில். நாற்பதைக் கடந்த பிறகு மருத்துவர் அறிவுரையின்பேரில் மிதிவண்டி வாங்கியவர்கள். விடியற்காலை ஐந்து மணிக்குச் செங்கம் சாலைத் தேநீர்க் கடையில் ஆறு பேர் சேருவோம். எங்களைத் தவிர, ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர், உடற்கல்வி ஆசிரியர் ஒருவர், மருந்துக்கடைக்காரர் ஒருவர், பஞ்சர் கடைக்காரர் ஒருவர். மலையைச் சுற்றும் பதினான்கு கிலோமீட்டர் அன்றாடக் கணக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் சாத்தனூர் அணை, செஞ்சி என்று தொலைவு நீளும். பேச்சு மட்டும் நீண்டதில்லை. டயர்க் காற்று, செயின் எண்ணெய், முழங்கால் வலி ஆகியவற்றைத் தாண்டி எங்களுக்குள் ஒரு சொல் பரிமாறிக்கொண்டதாக நினைவில்லை. இதைச் சாலைப் பழக்கம் என்றே நாங்கள் மதிப்பிட்டு வைத்திருந்தோம். இலக்கியம் பேசும் நண்பர்கள் வேறு, இவர்கள் வேறு என்ற பாகுபாடு எங்களிடம் இருந்தது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தப் பாகுபாட்டுக்கு ஒரு நாள் சாட்சி. 2022 ஆகஸ்டில் ஹவில்தார் நான்கு நாட்கள் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தபோது காரணம் கேட்டோம். "நாய் செத்துப்போச்சு மேடம்" என்றார். அப்படியா, பாவம் என்று சொல்லிவிட்டு மிதிக்கத் தொடங்கினோம். அன்று எத்தனை கிலோமீட்டர் ஓட்டினோம் என்பது எங்கள் குறிப்பேட்டில் இருக்கிறது. அவருடைய நாயின் பெயரை நாங்கள் கேட்கவில்லை.

*

2023 ஏப்ரல் இறுதியில் ஞமலி சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துபோனாள். வெயில் என்று நினைத்தோம். எங்கள் ஊர் வெயிலுக்கு மனிதர்களே சோற்றை வெறுப்பார்கள். காதுமடலில் இருந்த உண்ணிகளை வழக்கம்போல் பிடுங்கி மண்ணெண்ணெயில் போட்டோம். மே 3ஆம் நாள், புதன்கிழமை மாலை, சிமெண்டுத் தரையில் இரத்தத் துளிகள் வரிசையாகக் கிடந்தன. மூக்கிலிருந்து வடிந்தவை. எங்காவது இடித்துக்கொண்டிருப்பாள் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தோம். அஞ்சுகிறவர்களுக்குக் காரணங்கள் எளிதில் கிடைக்கின்றன.

மறுநாள் காலை மிதிவண்டி எடுக்கவில்லை. ஆறரை மணிக்கு ஹவில்தார் வாசலில் நின்றார். அதுவரை அவர் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. விவரம் கேட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு ஞமலியின் அருகே தரையில் உட்கார்ந்தார். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். வெளுத்திருந்தது. மெதுவாகப் புரட்டி வயிற்றைக் காட்டினார். குண்டூசி முனையளவில் சிவப்புப் புள்ளிகள்.

"இது உண்ணிக் காய்ச்சல் மேடம். எங்க வீட்டுல இதேதான். நான் பத்து நாள் கழிச்சுத்தான் டாக்டர்கிட்ட போனேன். நீங்க இப்பவே கெளம்புங்க."

அவர் சொன்னது சரியாக இருந்தது. எர்லிகியா என்னும் நுண்ணுயிரி பழுப்பு நாயுண்ணியின் கடி வழியாக இரத்தத்துக்குள் புகுந்து வெள்ளணுக்களுக்குள் குடியேறுகிறது. இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்துகொண்டே போகின்றன. முற்றினால் எலும்பு மச்சையே ஓய்ந்துபோகிறது. 1935இல் அல்ஜீரியாவில் முதன்முதலில் விவரிக்கப்பட்ட இந்நோய், 1960களின் இறுதியில் வியட்நாம் போர்க்களத்தில் அமெரிக்கப் படையின் நாய்களைக் கூட்டமாகக் கொன்றது. இவையெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. அன்று எங்களுக்குத் தெரிந்தது ஓர் எண் மட்டுமே. இரண்டு இலட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய தட்டணுக்கள் பதினோராயிரம் இருந்தன.

மாத்திரை தொடங்கினோம். வெள்ளிக்கிழமை மாலை அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. ஹீமோகுளோபின் நான்கு, நாய்க்குப் பன்னிரண்டுக்குக் குறையக் கூடாது. மருந்து வேலை செய்யச் சில நாள் வேண்டும், அந்தச் சில நாளுக்கு அவள் உடலில் இரத்தம் இல்லை என்றார் உள்ளூர் மருத்துவர். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். "முடிஞ்சா இரத்தம் கொடுக்க ஒரு நாயையும் கூட்டிட்டுப் போங்க. நல்ல எடை இருக்கணும், தடுப்பூசி போட்டிருக்கணும்."

அன்று சித்திரைப் பௌர்ணமி. எங்கள் ஊரை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. இலட்சக்கணக்கான மக்கள் மலையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள். எங்கள் வீடு கிரிவலப் பாதையில், நிருதி லிங்கத்துக்கு அருகில். வாகனம் எதுவும் உள்ளே வர முடியாது, வெளியே போகவும் முடியாது.

*

யார் யாரிடம் சொன்னார்கள் என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது. இரவு ஒன்பதரைக்கு நால்வரும் வாசலில் இருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் தம் ஆம்னி வேனைச் செங்கம் சாலையில் தடுப்புக்கு அப்பால் நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தார். உடற்கல்வி ஆசிரியரின் கறுப்பு லேப்ரடார் ஏற்கெனவே அந்த வேனில் ஏறியிருந்தது. நான்கு வயது, முப்பத்தொரு கிலோ, தடுப்பூசி அட்டை அவர் சட்டைப் பையில். பஞ்சர் கடைக்காரர் தம் பழைய கனத்த மிதிவண்டியைக் கொண்டுவந்திருந்தார். அதன் அகன்ற கேரியரில் ஒரு பிளாஸ்டிக் தக்காளிப் பெட்டி, டயர் ட்யூபை வெட்டி எடுத்த பட்டைகளால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

"ஆட்டமே இருக்காதும்மா. நான் கட்டுனா அவுராது" என்றார்.

போர்வை விரித்து ஞமலியைப் பெட்டியில் கிடத்தினோம். ஒருவர் கைப்பிடியைப் பிடிக்க, இருவர் பெட்டியின் இருபுறமும் தாங்க, ஹவில்தார் முன்னால் நடந்து வழி கேட்க, எதிரே வரும் கூட்டத்துக்குள் இறங்கினோம். கிரிவலம் செல்வோர் மலையை வலப்பக்கம் வைத்து நடப்பார்கள். நாங்கள் இடப்பக்கம் வைத்து நடந்தோம். அரோகரா முழக்கம் எங்கள் முகத்தில் வந்து மோதியது. பெட்டியைப் பார்த்தவர்கள் விலகினார்கள். ஒரு மூதாட்டி குனிந்து ஞமலியின் நெற்றியில் திருநீறு வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நடந்துபோனார். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணி நேரமும் பஞ்சர் கடைக்காரர் சக்கரத்தைப் பள்ளம் மேட்டில் படாமல் உருட்டிய விதம் ஒரு வித்தை. எங்கள் வண்டிகளை அவரிடம் பழுதுபார்க்கக் கொடுத்திருக்கிறோமே தவிர, அவர் கைகளை அதுவரை நாங்கள் பார்த்ததில்லை.

வேனில் உடற்கல்வி ஆசிரியர் தம் நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தார். திண்டிவனம் தாண்டிய பிறகு, தம் மகள் கேட்டதாக ஒன்றைச் சொன்னார்: "பிளாக்கிக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா மல்லிய நமக்குக் குடுத்துடுவாங்களாப்பா?" நாங்கள் பதில் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. அவர் எதைப் பணயமாக வைத்து வண்டியேறினார் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

மனிதர்களைப் போலன்றி, நாய்களுக்கு வேற்று இரத்தத்தை எதிர்க்கும் வலிய எதிரணுக்கள் பிறவியிலேயே அமைந்திருப்பதில்லை. அதனால் முதல் முறை ஏற்றும் இரத்தம் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. ஆயினும் காலையில் இரண்டு மாதிரிகளையும் கலந்து பொருத்தம் பார்த்தார்கள். பிறகு பிளாக்கியின் கழுத்தில் உள்ளங்கையளவு முடியை மழித்து, கழுத்துச் சிரையிலிருந்து இரத்தம் எடுத்தார்கள். அது எசமானரின் முகத்தைப் பார்த்தபடி அசையாமல் படுத்திருந்தது. முடிந்ததும் ஒரு கிண்ணம் தண்ணீர் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டது. பதிவுச் சீட்டில் மருந்துக்கடைக்காரர் நோயாளியின் பெயரை 'மல்லி' என்று எழுதிக் கொடுத்திருந்தார். நாங்கள் அதைத் திருத்தவில்லை.

பிற்பகலில் ஞமலி தலையைத் தூக்கினாள்.

*

இருபத்தெட்டு நாள் மாத்திரை. வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும் என்பதால் ஒவ்வொரு வேளையும் ஏதேனும் ஊட்டிய பிறகே கொடுக்க வேண்டும். அது விடைத்தாள் திருத்தும் பருவம். எங்களில் ஒருவர் நாள்தோறும் வேலூர் சென்று திரும்ப, மற்றவர் வங்கியில் இருப்பார். நண்பகல் வேளையை நால்வரும் முறைவைத்துக்கொண்டார்கள். மருந்துக்கடை நாட்காட்டியில் பெயர்கள் எழுதப்பட்டன. திரும்பி வந்தால் அடுப்படியில் தட்டு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். வேன் செலவுக்குப் பணம் நீட்டியபோது மருந்துக்கடைக்காரர் எங்கள் கிலோமீட்டர்க் குறிப்பேட்டை வாங்கி, சென்னை போய் வந்த தொலைவைக் குறித்து, பக்கத்தில் 'வேன் என்பதால் கணக்கில் சேராது' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

ஹவில்தார் தம் முறை வந்த நாளில் ஒரு வாளியும் கரண்டியும் அரை மூட்டை சிமெண்டும் கொண்டுவந்தார். எங்கள் வீடு பழையது, சுவரெங்கும் விரிசல். நாயின் மேல் நாம் காணும் உண்ணிகள் சிறு பங்குதான். மிச்சம் சுவர் இடுக்குகளில் இருக்கும். ஒவ்வொரு பெண் உண்ணியும் அங்கே ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை மட்டும் குணப்படுத்திப் பயனில்லை. இரண்டு நாட்கள் முழுதும் அவர் எங்கள் சுவர்களின் ஒவ்வொரு விரிசலையும் குனிந்தும் மண்டியிட்டும் பூசி அடைத்தார். நாங்கள் கொத்தனாரை அழைத்துக்கொள்கிறோம் என்று சொன்னோம்.

"இருக்கட்டும் மேடம். எங்க வீட்டுல இதச் செய்யணும்னு எனக்கு அப்போ தெரியல."

அவர் முதுகைப் பார்த்தபடி நின்றோம். ஒன்பது மாதங்களுக்கு முன் பாவம் என்று சொல்லிவிட்டு நாங்கள் மிதித்துச் சென்ற அந்தக் காலை அப்போது எங்கள் நடுவே வந்து நின்றது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தோம், சொல் வரவில்லை. தேநீர் வைத்துக் கொடுத்தோம். தொழில்முறையில் சொற்களோடு வாழ்பவர்களின் வறுமை அன்று எங்களுக்கு விளங்கியது.

பதினான்காம் நாள் தட்டணுக்கள் ஓர் இலட்சத்து நாற்பதாயிரம். ஜூனில் ஞமலி படியேறினாள். இடக்கண்ணுக்குள் கசிந்த இரத்தத்தால் அந்தப் பக்கத்துப் பார்வை மட்டும் மீளவில்லை. முன்போல் மிதிவண்டிகளோடு தெருமுனை வரை ஓடி வருவதில்லை. வாசலில் உட்கார்ந்து வலக்கண்ணால் வழியனுப்புகிறாள்.

அவ்வாண்டு டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீண்டும் எடுத்தனூருக்குப் போனோம். எங்கள் மாவட்டத்தில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று அவ்வூரில் உண்டு. ஏழாம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்னும் வீரனும், கள்வர் இருவரைக் கடித்த கோவிவன் என்னும் அவன் நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். முதன்முறை, 2022 சனவரியில், நாய்க்கும் பெயர் பொறித்த பண்பாடு நம்முடையது என்று எங்களுள் தமிழ் கற்பிப்பவர் அந்தக் கல்லின் முன் அரை மணி நேரம் சொற்பொழிவாற்றியிருந்தார். நால்வரும் கைகட்டிக் கேட்டிருந்தார்கள். இம்முறை யாரும் பேசவில்லை. பிளாக்கியின் கழுத்தில் முடி முழுதும் வளர்ந்துவிட்டதை உடற்கல்வி ஆசிரியர் கைபேசியில் காட்டினார். ஹவில்தார் சற்றுத் தள்ளி நின்று, கல்லில் இருந்த நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அருகில் போய், அவருடைய நாயின் பெயர் என்ன என்று கேட்டோம்.

அவர் திரும்பிப் பார்த்தார். "டைகர்" என்றார்.

ஊர் வந்து சேரும்வரை டைகரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.