துணிக்குச் சான்று, தைப்பவளுக்கு?

பல்லடத்தில் எங்கள் தெருப் பெண்கள் பலர் மில்லுக்கும் கம்பெனிக்கும் போகிறவர்கள். ஆடிட் வரும் நாளில் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று முன்னாடியே சொல்லிக்கொடுத்துவிடுவார்களாம். அந்தப் பதில்களை நம்பித்தான் விலையுயர்ந்த ஆடையில் ‘பொறுப்பான உற்பத்தி’ என்று லேபிள் தொங்குகிறது.

ஆர்கானிக் பருத்தி, சுத்திகரித்த நீர் எல்லாம் அவசியம்தான். சாயக்கழிவு நொய்யலை நாசமாக்கியதால் 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதை நாம் பார்த்தோம். ஆனால் தைப்பவளின் மானமும் உயிரும் எந்தக் கணக்கில் வருகின்றன?

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடி, 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் பெற்றது. ஹெச் அண்ட் எம், கேப் நிறுவனங்களோடு, கால்வின் க்ளைன், டாமி ஹில்ஃபிகர் பிராண்டுகளை வைத்திருக்கும் பிவிஹெச்சும் கையெழுத்திட்டது. பாலியல் வன்முறையையும் சாதிப் பாகுபாட்டையும் தடுக்க, பயிற்சி பெற்ற தொழிலாளிகளே தளத்தில் கண்காணித்தார்கள். ஆலை மீறினால் பிராண்டுகள் நடவடிக்கை எடுத்தாக வேண்டியிருந்தது.

தோழர்களே, எந்த பிராண்டு பொறுப்பைப் பற்றிப் பேசினாலும் ஒன்றைக் கேளுங்கள்: தொழிலாளர் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறீர்களா?